கல்லறை எண்களும் கல்லறையில்லாதோரும்: ஈம் கிராமத் தேவாலயமும் புதிர்வழிப் பேழைத் தேடலும்

இங்கிலாந்தின் கிராமத் தேவாலய வளவுகளில் அண்மைக் காலமாகப் புதியதொரு வகை வருகையாளரைக் காணமுடிகிறது. அவர்கள் வழிபாட்டுக்கு வருவோருமல்லர். தம் மூதாதையரின் கல்லறையைத் தேடி வருவோருமல்லர். சேமக்காலையில் ஒரு குறித்த கல்லின் முன் நின்று அதிற் பொறிக்கப்பட்ட ஆண்டின் இறுதி இலக்கத்தைத் தாளிற் குறித்துக்கொள்வர். போர் நினைவுச் சின்னத்தில் ஒரே குடும்பப் பெயரைக் கொண்டோர் எத்தனை பேர் என எண்ணுவர். கோபுரத்து மணிக்கூட்டின் கீழுள்ள ஆண்டைப் படிப்பர். சிறிது கூட்டிக் கழித்தபின் வளவைவிட்டு வெளியேறி, அருகிலுள்ள ஒழுங்கையின் மதிலிடுக்கிற் கைவிட்டு, விரலளவான குப்பியொன்றை வெளியே எடுப்பர். குப்பிக்குள் இருப்பது சுருட்டிய காகிதம் ஒன்றே. அதில் தம் பெயரையும் நாளையும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே அதனை மீண்டும் மறைத்துச் செல்வர். ஜியோகாஷிங் என வழங்கும் இவ்விளையாட்டைத் தமிழிற் புவிப்பேழைத் தேடல் எனலாம்.

இதனைப் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் கல்வெட்டையும் பதிவேட்டையும் சான்றாகக் கொள்ளும் வரலாற்று மாணவர் கவனிக்கவேண்டிய வினா ஒன்று இதனுள் அடங்கியுள்ளது. கல்லிலுள்ள எண்ணைப் பிழையறப் படித்தவர் அக்கல்லையே படித்துவிட்டவர் ஆவாரா என்பதே அது. அவ்வினாவுக்கு விடை காண்பதற்கு டார்பிஷயரிலுள்ள ஈம் என்னும் கிராமத்துத் தேவாலயத்தைப் போன்று பொருத்தமான இடம் வேறில்லை.

முதலில் விளையாட்டின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் தகும். அதன் பிறந்தநாள், இத்தகைய வழக்காறுகளுக்கு அரிதாகவே கிடைக்கும் துல்லியத்துடன் தெரியவந்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் படைத்துறை செய்மதிகள்வழி இடமறியும் முறையை உருவாக்கியபொழுது, பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையொன்றைக் கலந்திருந்தது. இதனாற் சாதாரண கருவியொன்று காட்டும் இடம் உண்மையான இடத்திலிருந்து நூறு மீற்றர்வரை விலகியிருக்கக்கூடும். ஜனாதிபதி கிளின்டனின் ஆணைப்படி 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் இக்கலப்பு நிறுத்தப்பட்டது. அம்மாதம் 3ஆந் திகதியே டேவ் உல்மர் என்பவர் ஒரெகன் மாநிலத்துப் பீவர்கிறீக் என்னுமிடத்தில் வாளியொன்றை மறைத்து வைத்து, அதன் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் உலகறிய வெளியிட்டார். வாளியில் நூல்களும் சில்லறைப் பொருள்களும் குறிப்பேடும் இருந்தன. தகரத்தில் அடைத்த அவரையுங்கூட இருந்தது. அம்மாதம் முடிவதற்குள்ளேயே விளையாட்டுக்கு இன்றுள்ள பெயரும் முன்மொழியப்பட்டுவிட்டது.

ஆங்கிலேயர் இதனை முற்றிலும் புதியதோர் இறக்குமதியாகக் கருதுவதில்லை. அதற்கு அவர்களிடம் நியாயமான காரணமும் உண்டு. தென்மேற்கு இங்கிலாந்தின் டாட்மூர் மேட்டுநிலத்தில் 1854இல் ஜேம்ஸ் பெறட் என்னும் வழிகாட்டி, எளிதிற் சென்றடைய முடியாத கிறான்மியர் குளத்தருகே போத்தலொன்றை வைத்தார். அங்கு நடந்து சென்றடைந்தோர் தம் பெயர்ச்சீட்டை அதனுள் இட்டுவந்தனர். அப்போத்தல் காலப்போக்கிற் பெட்டியாகியது; ஒரு பெட்டி பல பெட்டிகளாகியது. திசைகாட்டியைக் கொண்டும் குறிப்புகளைக் கொண்டும் அவற்றைத் தேடும் வழக்கம் இன்றும் அம்மேட்டுநிலத்தில் உண்டு. செய்மதியின் வருகையாற் தேடும் கருவி மாறியதேயன்றி, மறைத்தவரின் குறிப்பை நம்பி நடக்கும் இன்பம் மாறவில்லை.

2007ஆம் ஆண்டளவிற் பிரித்தானியத் தேடுநர் ஒருவர் தேவாலயங்களுக்கு அருகே சிறு குப்பிகளை வைக்கும் தொடரொன்றைத் தொடக்கிவைத்தார். ‘சேர்ச் மைக்ரோ’ எனும் பெயருடன் பிறரும் அதனைப் பின்பற்றியமையால் அதன் தொகை பத்தாயிரத்தைத் தாண்டி வளர்ந்துவிட்டது. தேவாலயங்கள் தெரிவுசெய்யப்பட்டமைக்குக் காரணம் பக்தி எனக் கொள்வது பொருந்தாது. இங்கிலாந்துத் திருச்சபைக்கு மட்டும் ஏறத்தாழ 16,000 தேவாலயக் கட்டடங்கள் உள்ளன. வரைபடத்தில் ஒவ்வொரு கிராமத்தின் நடுவிலும் ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். புதிரமைப்பவருக்கு வேண்டியனவோ மாறாத எண்கள். கடைப் பெயர்ப்பலகையும் வீட்டிலக்கமும் மாறலாம். 1775 எனப் பொறிக்கப்பட்ட கல் நாளையும் 1775 என்றே இருக்கும்.

புதிரின் பொறிமுறை பெரும்பாலும் ஒன்றே. இடத்தின் நிலை பாகையிலும் கலையிலும், கலையின் ஆயிரத்திலொரு பங்குவரையிலும் தரப்படும். பாகையும் கலையும் வெளிப்படையாக இருக்கும். கலையின் தசம இலக்கங்கள் மறைக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கற்களிலிருந்து பெறவேண்டும். அகலக்கோட்டின் ஒரு கலை நிலத்தில் ஏறத்தாழ 1,852 மீற்றர் ஆதலால், ஆயிரத்திலொரு பங்கு இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவு. பாசி படிந்த கல்லொன்றில் 7ஐ 1 என வாசித்துவிட்டார் ஒருவர் எனக் கொள்க. அவ்வெண் இரண்டாம் தசமத் தானத்துக்கு உரியதாயின், அவர் 110 மீற்றர் தொலைவில் யாரோ ஒருவருடைய வயலில் நின்று வீணே தேடிக்கொண்டிருப்பார். கல்வெட்டாய்வில் எழுத்தொன்றைத் தவறாகப் படித்தவருக்கு இத்தனை விரைவாகத் தண்டனை கிடைப்பதில்லை. மூலத்தைக் கண்ணாற் பார்த்துப் படிக்கவேண்டும், பிறர் படித்ததை நம்பலாகாது என்னும் பாடத்தை இவ்விளையாட்டு விரிவுரை மண்டபத்தைவிடச் செவ்வையாகப் புகட்டுகிறது எனலாம்.

இனி ஈம் கிராமத்துக்கு வருவோம். ஆங்கில எழுத்துக்கூட்டு வேறாயினும் உச்சரிப்பு ஈம் என்பதே. தமிழ்ச் செவிக்கு இப்பெயர் ஈமத்தை நினைவூட்டுவது ஒலியொற்றுமையால் மட்டுமே. ஆயினும் அக்கிராமத்தின் கதையை அறிந்தோர்க்கு அவ்வொற்றுமை மனத்தை விட்டகலாது. பீக் மாவட்டக் குன்றுகளிடையே அமைந்து, வேளாண்மையையும் ஈய அகழ்வையும் நம்பி வாழ்ந்த சிற்றூர் அது. அதன் நடுவே புனித லோறன்ஸ் தேவாலயம் நிற்கிறது.

அத்தேவாலய வளவு புதிரமைப்பவருக்குப் பெருஞ் செல்வம். எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் ஆங்கிலோ-சாக்சன் கற்சிலுவையொன்று அங்குண்டு. அதன் தண்டின் ஒரு பகுதி இழக்கப்பட்டுவிட்டது. தலைப்பகுதி எஞ்சியிருப்பதே இவ்வகைச் சிலுவைகளில் அரிது. சுவரில் 1775ஆம் ஆண்டைக் கொண்ட சூரிய கடிகாரம் ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. அது உள்ளூர் நேரத்தை மட்டும் காட்டுவதன்று. மெக்கா, மெக்சிக்கோ முதலிய தூர தேசத்து இடங்களின் நேர வேறுபாட்டையும் அறிய உதவுவது. நெடுங்கோட்டு வேறுபாடே நேர வேறுபாடு என்னும் அறிவு, கடலோடிகளின் கணக்கிலிருந்து குன்றுக் கிராமமொன்றின் தேவாலயச் சுவருக்கு 18ஆம் நூற்றாண்டிலேயே வந்து சேர்ந்துவிட்டது. செய்மதிக் கருவியுடன் அச்சுவரின் முன் நிற்பவர் தமக்கு முன்னரே நெடுங்கோடு அங்கு வந்துவிட்டதை எத்தனைமுறை உணர்கிறார் என்பது வேறு விடயம்.

சிலுவைக்கு அண்மையில் மேசை வடிவான கல்லறை ஒன்றுண்டு. அது கதரின் மொம்பெசன் என்னும் பெண்ணுடையது. அவர் இறந்த நாள் 1666 ஒகஸ்ட் 25. புதிருக்கு வேண்டிய எண்கள் இங்கே தெளிவாகக் கிடைக்கின்றன. வரலாறு தொடங்குவதும் இக்கல்லறையிலேயே.

1665இல் இலண்டனைப் பெருங் கொள்ளைநோய் சூறையாடிக்கொண்டிருந்தது. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் இலண்டனிலிருந்து ஈமிலிருந்த தையற்காரர் வீடொன்றுக்குத் துணிப்பொதி வந்ததாகவும், ஈரமாயிருந்த துணியை நெருப்பருகே விரித்து உலர்த்தியபொழுது அதிலிருந்த தெள்ளுகள் நோயைப் பரப்பியதாகவும் மரபுவழிச் செய்தி கூறும். அவ்வீட்டிலிருந்த ஜோர்ஜ் விக்கர்ஸ் செப்ரெம்பர் 7ஆந் திகதி அடக்கஞ் செய்யப்பட்டார். பனிக்காலத்தில் நோய் சற்றுத் தணிந்தது. 1666 கோடையில் மீண்டும் மூண்டெழுந்தது. வசதியுள்ள சிலர் அதற்கு முன்னரே ஊரைவிட்டு நீங்கியிருந்தனர்.

அவ்வேளை ஊரில் இரு குருமார் இருந்தனர். 1664இற் பதவியேற்ற இளங் குருவானவர் வில்லியம் மொம்பெசன் ஒருவர். பியூரிட்டன் சார்புடையவரும், 1662ஆம் ஆண்டின் ஒருசீர்மைச் சட்டத்துக்கு இணங்க மறுத்ததனாற் பதவியிழந்தவருமான தோமஸ் ஸ்ரான்லி மற்றவர். உள்நாட்டுப் போரின் காயங்கள் ஆறாத காலத்தில், எதிரெதிர் அணிகளைச் சேர்ந்த இவ்விருவரும் ஒன்றிணைந்தனர். ஊரார் பலருக்கு ஸ்ரான்லி மீதே பற்று மிகுதி என்பதால், அவருடைய துணையின்றி மொம்பெசனின் சொல் எடுபட்டிராது. 1666 யூனில் மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன. ஒவ்வொரு குடும்பமும் தன் இறந்தோரைத் தானே தன் நிலத்தில் விரைந்து புதைக்கவேண்டும். தேவாலயத்தைப் பூட்டிவிட்டுக் கக்லெற் டெல்வ் என்னும் திறந்த பள்ளத்தில் வழிபாடு நடத்தவேண்டும். நோய் தணியும்வரை எவரும் ஊரெல்லையைத் தாண்டலாகாது. சற்ஸ்வேர்த் மாளிகையிலிருந்த டெவன்ஷயர் பிரபு உணவு அனுப்ப உடன்பட்டார். எல்லைக்கல்லிற் குடைந்த குழிகளில் வினாகிரி ஊற்றி அதனுட் காசை இட்டுவைத்தால், அயலூரார் பொருளை வைத்துவிட்டுக் காசை எடுத்துச் செல்வர்.

ஒகஸ்ட் மாதமே மிகக் கொடியது. ஊருக்கு வெளியே ரைலிப் பண்ணையில் எலிசபெத் ஹன்கொக் என்னும் பெண் தன் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் எட்டு நாட்களுள் தன் கையாலேயே புதைத்தாள். அதே மாதத்திலே குருவானவரின் மனைவி கதரினும் இறந்தார். மொம்பெசன் தம் பிள்ளைகளை முன்னரே யோக்ஷயருக்கு அனுப்பிவிட்டிருந்தார்; மனைவி உடன்செல்ல மறுத்துக் கணவனுடன் தங்கியவர். நவம்பர் தொடக்கத்துடன் நோய் ஓய்ந்தது. அம்மாதம் 20ஆந் திகதி எழுதிய கடிதமொன்றில், 76 குடும்பங்கள் நோயுற்றதையும் 259 பேர் மாண்டதையும் மொம்பெசன் குறிப்பிட்டுள்ளார்.

இங்கேதான் கல்லின் குறைபாடு வெளிப்படுகிறது. ஏறத்தாழ 260 பேர் மாண்ட ஊரில், தேவாலய வளவில் அந்நோயை நினைவூட்டிக் கண்ணைக் கவர்ந்து நிற்பது குருவானவரின் மனைவியுடைய கல்லறையே. சேமக்காலை மூடப்பட்டுவிட்டதால் ஏனையோர் தோட்டங்களிலும் வயல்களிலும் புதைக்கப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலானோரின் இடம் எவருக்கும் தெரியாது. ஹன்கொக் குடும்பத்தின் கற்கள் வட்டச் சுவரொன்றினுள் இன்று பாதுகாக்கப்படுகின்றமை விதிவிலக்கு. கல் வைப்பதற்குப் பணம் வேண்டும், வைப்போர் உயிருடன் எஞ்சவும் வேண்டும். ஈய அகழ்வாளரும் கூலிக்காரரும் சாதாரண காலத்திலேயே பெயர் பொறித்த கல்லின்றிப் புதையுண்டவர்கள். அவர்களின் பெயர் வாழ்வது பதிவேட்டில் மட்டுமே. திருமுழுக்கையும் திருமணத்தையும் அடக்கத்தையும் பதியவேண்டுமெனத் தோமஸ் குரொம்வெல் 1538இற் பிறப்பித்த ஆணையின் பயன் அது. கற்களை மட்டும் கொண்டு புதிரமைப்பவர், தாம் அறியாமலே, கல் வைக்கத்தக்க நிலையிலிருந்தோரின் வரலாற்றை மட்டுமே தேடுநருக்குக் காட்டுகிறார்.

இரண்டாவது சிக்கல் எண்ணைப் பற்றியது. கல்லில் எழுதியவாறே எண்ணைப் பெயர்த்தெழுதினாற் புதிர் தீர்ந்துவிடும், வரலாறு தீராது. 1752 வரை இங்கிலாந்திற் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25இலேயே தொடங்கியது. இன்றைய கணக்கில் 1666 சனவரியில் இறந்த ஒருவரை அக்காலத்தவர் 1665 சனவரியில் இறந்தவராகவே எழுதுவர். ஈமில் நோய் தொடங்கியதோ 1665 செப்ரெம்பரில். பழைய கணக்கை அறியாத ஒருவர் பனிக்கால அடக்கங்களைப் படிப்பாராயின், முதல் மரணத்துக்கு எட்டு மாதங்களுக்கு முன்னரே கொள்ளைநோய் ஊரிற் புகுந்துவிட்டதாக முடிவுசெய்வார். பாவம், அந்தத் துணிப்பொதி வழக்கிலிருந்து விடுதலை பெற்றுவிடும்! நாட்களிலும் இவ்வேறுபாடு உண்டு. கதரின் இறந்த ஒகஸ்ட் 25, புதிய நாட்காட்டியை ஏற்றிருந்த ஐரோப்பிய நாடுகளில் செப்ரெம்பர் 4 ஆகும். தேடுநர் கல்லிலுள்ள இலக்கத்தை அப்படியே எடுக்கவேண்டும், ஆய்வாளர் அதனை மாற்றிக் கணிக்கவேண்டும். ஒரே எண்ணின்மீது இவ்விருவருக்கும் விதிக்கப்பட்ட கடமைகள் நேரெதிரானவை.

மூன்றாவதாக, ஒரு கல் எந்நாளைக் குறிக்கிறது என்பதும் அது எந்நாளில் வைக்கப்பட்டது என்பதும் வேறு வேறு. ஸ்ரான்லியின் நினைவுச்சின்னம் இதற்குத் தக்க சான்று. 1670இல் இறந்த அவருக்கு வளவில் நினைவுக்கல் எழுந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே. அக்கல் 17ஆம் நூற்றாண்டைப் பற்றிப் பேசினாலும், பேசுவது விக்டோரியா காலத்துக் குரல். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிறுவப்பட்ட திருச்சபையின் குருவானவரே கதையின் நாயகராக இருந்தார்; பதவி பறிக்கப்பட்டவர் நிழலில் நின்றார்.

கதை முழுவதற்கும் இது பொருந்தும். பற்றிக் வொலிஸ் என்னும் வரலாற்றாசிரியர் 2006இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், ஈமின் புகழ் பிற்காலத்தில் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை விரிவாக ஆராய்ந்துள்ளார். நிகழ்ந்த காலத்தில் அது பெருங் கவனத்தை ஈர்க்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் மருத்துவர் றிச்சட் மீட் கொள்ளைநோய் பற்றிய தம் நூலில் அதனைச் சேர்த்துக்கொண்டார். பின்னர் ஈமிலேயே பிறந்த கவிஞர் அன்னா சீவாட் போன்றோர் அதற்கு உணர்ச்சி வடிவம் கொடுத்தனர். உள்ளூர் வரலாற்றாசிரியர் வில்லியம் வூட் 1842இல் எழுதிய நூல் அதனை நிலைநிறுத்தியது. இருபதாம் நூற்றாண்டில் அது நினைவுவிழாவாகவும் உல்லாசப் பயணமாகவும் வளர்ந்தது. தானாக விரும்பித் தன்னைப் பலிகொடுத்த கிராமம் என்னும் சித்திரம் இவ்வழியே திரண்டது. ஏழைகளுக்கு வெளியேறிச் செல்ல இடமிருந்ததா, அயலூரார் அவர்களை ஏற்றிருப்பரா என்னும் வினாக்கள் அச்சித்திரத்தில் மங்கிவிட்டன. இதனால் தியாகம் பொய் என்றாகிவிடாது. தன் பிள்ளையைத் தானே புதைத்த ஒருத்தியின் துயரம், அவள் விரும்பித் தங்கினாளா வழியின்றித் தங்கினாளா என்பதாற் குறைவதில்லை. ஆனால் இரண்டையும் ஒன்றெனக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

எண்களுங்கூடத் திருத்தம் பெற்றுள்ளன. ஊரின் மக்கட்டொகை 350 எனவும் அதில் 260 பேர் மாண்டனர் எனவும் நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. அடுப்பு வரிப் பட்டியல் முதலிய ஆவணங்களை ஆராய்ந்தபின், மக்கட்டொகை அதன் இருமடங்களவில் இருந்திருக்கவேண்டும் என்பது தெளிவாயிற்று. அவ்வாறாயின் நாலில் மூவர் மாண்டனர் என்பது மூவரில் ஒருவர் என ஆகிறது. 2016இல் லிலித் விற்றில்ஸ், சேவியர் டிடெலொற் ஆகிய ஆய்வாளர் பதிவேட்டு விபரங்களைக் கணித முறையில் ஆராய்ந்து, தொற்றுகளில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவியிருக்கவேண்டும் எனக் காட்டினர். எலியையும் தெள்ளையும் மட்டுமே குற்றஞ்சாட்டிய பழைய விளக்கம் இதனால் ஆட்டங்கண்டது. திறந்த வெளியில் வழிபாடு நடத்தியதும் குடும்பத்தோடு அடக்கத்தை நிறுத்திக்கொண்டதும் அறியாமையாற் செய்தவை எனக் கூறியோர் இனித் தயங்கவே வேண்டும். இத்தனையும் எந்தக் கல்லிலுமன்றிப் பதிவேட்டின் வரிகளிலிருந்தே பெறப்பட்டமை கவனிக்கத்தக்கது.

அங்ஙனமாயிற் சேமக்காலையிற் புதிரமைப்பது தகாதா? தகாது என்போர் உண்டு. கல்லறையைக் கணக்குப் பயிற்சியாக்குவது இறந்தோரை அவமதிப்பது என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. விளையாட்டின் நெறிகளும் அதனை ஓரளவு ஏற்கின்றன. நிலத்துக்கு உரியோரின் இசைவு வேண்டும். எதையும் தோண்டிப் புதைத்தலாகாது. வளவிலே எண்களை மட்டும் எடுத்துவிட்டுப் பேழையை வெளியே தேடச்செய்வதே பொதுவான வழக்கம். மறுபுறத்தில், வாரநாளொன்றில் ஆளரவமற்றிருக்கும் கிராமத் தேவாலயத்துக்கு வந்து ஒவ்வொரு கல்லையும் குனிந்து படிப்போர் இத்தேடுநரையன்றி வேறு பலர் இலர். மழையால் அரிக்கப்படும் மணற்கற்களில் எழுத்து ஆண்டுக்காண்டு மறைகிறது. அவற்றைக் கடைசியாகப் படித்தவர் ஒரு தேடுநராக இருப்பதும் கூடும்.

வேறுபாடு புதிரமைப்பவரின் தெரிவிலேயே உள்ளது. கதரினின் கல்லறையில் ஓர் இலக்கம், சூரிய கடிகாரத்தில் ஓர் இலக்கம் என எடுத்துக்கொண்டு தேடுநரை அனுப்பிவிடலாம். அதற்குக் கால்மணி நேரம் போதும். ஆனால் தேவாலயத்துக்கு அருகிலுள்ள வீடுகளின் முன் பச்சைநிறப் பலகைகள் உள்ளன; அந்தந்த வீட்டில் மாண்டோரின் பெயர்கள் அவற்றில் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. ஒரு பலகையில் எத்தனை பெயர் என எண்ணச் செய்தால், ஒரே வீட்டுப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைத் தேடுநர் காணாதிருக்க முடியாது. அங்கிருந்து ரைலிக் கல்லறைகளுக்கு மேட்டுப்பாதையில் நடக்கச் செய்யலாம். அடுத்த இலக்கத்தை எல்லைக்கல்லின் குழிகளை எண்ணிப் பெறுமாறு கேட்கலாம். ஈமிலிருந்து அயலூரான ஸ்ரோனி மிடில்ரனுக்குச் செல்லும் வயற்பாதையில் அக்கல் இன்றும் கிடக்கிறது. நோயுற்ற ஊரின் காசு வினாகிரியில் நனைந்து கிடந்த குழிகள் அவை. அதிற் பெயரோ ஆண்டோ பொறிக்கப்படவில்லை. குழிகளின் எண்ணிக்கை மட்டுமே புதிருக்குப் பயன்படும்.